நிறுத்த முடியாத பம்ப்

இதயத்தைப் பேணுவது எப்படி என்று விளக்கும் கூட்டத்தில்தான் தம்பி நாற்காலியிலிருந்து சரிந்தான்.

இயந்திர நல வாரியத்தில் அது இதய வாரம். தன் ஊழியர்களின் இதயங்கள்மேல் வாரியம் கொண்டிருந்த அக்கறையைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. அந்த வாரம் முழுவதும், அன்றாட வேலை முடிந்த பிறகு, எல்லோரும் கட்டாயமாக மாடிக் கூடத்தில் கூடி இதயத்தைப் பற்றிக் கேட்டறிய வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றாட வேலை எப்போது முடியும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

தம்பி சரிந்தபோது திரையில், வாரத்துக்கு ஐம்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து அதிகம் என்ற வரி தெரிந்துகொண்டிருந்தது. வாரிய மருத்துவர் அந்த வரியைக் குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒருவன் விழுந்ததை அவரும் பார்த்தார்.

"பார்த்தீங்களா, உட்கார்ற விதமும் முக்கியம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

இயந்திர நல வாரியம் செய்கிற வேலை உயர்ந்த வேலை. ஊரில் ஓடுகிற பம்ப், ஜெனரேட்டர், லிஃப்ட் எதுவும் ஓய்வில்லாமல் ஓடி வெந்து போய்விடக் கூடாது. எட்டு மணி நேரம் ஓடிய பம்ப் மீதி நேரம் ஆறிக் கிடக்க வேண்டும். அப்படி ஆறிக் கிடக்கச் சொல்லி எழுதுவதற்கு ஓய்வு ஆணை என்று பெயர். பம்ப் பிரிவின் ஓய்வு ஆணைகளை எழுதுகிறவன் தம்பி. பம்புகளுக்கு எட்டு மணி நேரம், அவனுக்குப் பதினான்கு. பகல் வெளிச்சத்தில் அவன் முகம் எப்படி இருக்கும் என்பது தனக்கு மறந்தே போயிற்று என்று அவன் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி மனைவியைப் பற்றியதல்ல.

"அக்கா, ஆபீசுக்குச் சொல்லிட்டியா? கூட்டம் முடியறதுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டேன். தப்பா நினைச்சுப்பாங்க."

"எழுந்து வரலடா. தூக்கிட்டு வந்தாங்க" என்றாள் அக்கா.

அந்த அக்காதான் அவனுக்குத் தாயும் தகப்பனும். பெண்கள் சிறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் அவளுக்கு ஜெயிலக்கா என்று பெயர்; முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் இதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை. சாவி கீழே விழுந்தால் முழங்காலை மடித்து எடுப்பாளே ஒழிய, முதுகை வளைத்து எடுக்க மாட்டாள். அவள் வீட்டில் யாரும் யாருக்கும் முதுகை வளைத்ததில்லை. தம்பி ஒருவன்தான் விதிவிலக்கு. அதுவும் மேசைக்கு முன்னால் மட்டும்.

இதய டாக்டர் வந்தார். "மூணு மாசம் முழு ஓய்வு. அப்புறம் வேலைக்குப் போகலாம். எட்டு மணி நேரம், அவ்வளவுதான். பழையபடி இழுத்தீங்கன்னா அடுத்த தடவை என்கிட்ட கொண்டு வர வேண்டிய அவசியமே இருக்காது."

"அதுக்குள்ள குணமாயிடுமா டாக்டர்?" என்று தம்பி ஆவலாகக் கேட்டான்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த சில நாளில் வாரியத்தின் நல அதிகாரி பார்க்க வந்தார். இதய வடிவத்தில் தைத்த ஒரு சிவப்புத் தலையணையைத் தம்பியின் மடியில் வைத்தார். குரல் தழுதழுத்தது.

"வாரியம் ரொம்ப வேதனைப்படுது. இதய வாரத்துல போய் இப்படி ஆயிடுச்சே. ஒரு வாரம் தள்ளி விழுந்திருக்கலாம் நீங்க."

"மன்னிச்சுக்குங்க சார்" என்றான் தம்பி. எழுந்து நிற்கப் பார்த்தான். அக்கா அவன் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"வேலைப் பளுவால வந்ததுன்னு ஆஸ்பத்திரியில எழுதிட்டாங்க" என்று அதிகாரி தொடர்ந்தார். "அதுக்கு வாய்ப்பே இல்லம்மா. எங்ககிட்ட வேலை நேரம் எட்டு மணி நேரம்தான்."

"மீதி?"

"மீதி ஆர்வம்."

"ஆர்வமா?"

"ஆமாம்மா. ஊழியர்களே ஆர்வத்துல உட்கார்ந்திருக்காங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. ஆர்வம் இல்லாதவங்ககிட்ட ஏன் இல்லைன்னு விளக்கம் மட்டும் கேப்போம். விளக்கம் சரியில்லேன்னா வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

அக்கா காப்பி டம்ளரை அவர் எதிரில் வைத்தாள். வைத்த சத்தத்தில் அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு சின்ன உதவிம்மா. குடும்பத்துல மூத்தவங்க நீங்க. வாரியத்துல விசாரணை வெச்சிருக்கோம். நேர்ல வந்து, இது வம்சத்துல வர்ற கோளாறு, எங்க குடும்பத்துல எல்லாருக்குமே இதயம் பலவீனம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சுது. சார் வர்ற திங்கட்கிழமையே வேலைக்கு வந்துடலாம்."

"எத்தனை மணி நேர வேலைக்கு?"

"பழையபடிதான். வம்சக் கோளாறுன்னு ஆனதுக்கப்புறம் வேலை நேரத்தைக் குறைச்சு என்ன ஆகப் போகுது?"

"நான் சொல்லலேன்னா?"

"காரணமில்லாம விழுந்ததா எடுத்துக்குவோம். வேலை நேரத்துல காரணமில்லாம விழறது ஒழுங்கீனம். வேலை போயிடும்."

"இப்பத்தான் அது வேலை நேரம் இல்ல, ஆர்வம்னீங்க?"

"விழற வரைக்கும் ஆர்வம்மா. விழுந்ததும் வேலை நேரம்."

தம்பி தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டான். "சொல்லிடேன்க்கா. ஒரு வார்த்தைதானே."

அக்கா எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றால் சிறையில் ஒரு வரிசையே அமைதியாகும் என்பார்கள்.

"ஒரு வார்த்தையா? எங்க அப்பா எப்படிச் செத்தார்னு தெரியுமா சார்? எண்பத்தெட்டு வயசுல மதில் மேல ஏறி, பக்கத்து வீட்டுக்காரன் போட்ட குழாய் எங்க எல்லைக்குள்ள வருதான்னு அளக்கறப்போ விழுந்து செத்தார். கீழே விழுந்தும் அளவு நாடாவை விடல. அவரைப் பெத்தவர் தொண்ணூறு தாண்டி, சாப்பாட்டுல உப்பு குறைச்சல்னு கத்தின கத்துல போனார். அடுத்த தெருவுக்குக் கேட்டுது. இதுல யாருக்கு இதயம் பலவீனம்?"

"கத்தினதுல போனாருன்னா இதயம்தானேம்மா காரணம்?" என்று அதிகாரி நம்பிக்கையோடு கேட்டார்.

"தொண்டை" என்றாள் அக்கா. "நான் வர்றேன். விசாரணைக்கு வர்றேன்னு உங்க தலைவர்கிட்ட சொல்லுங்க. என்ன சொல்லுவேன்னு சொல்லாதீங்க."

விசாரணை நாள் வந்தது. வாரியத்தின் வாசலில் காவலாளி மறித்தான். உள்ளே போகிறவர்கள் மார்பில் கை வைத்து, 'என் இதயம் என் பொறுப்பு' என்று உறுதி கூற வேண்டும். இல்லாவிட்டால் கதவு திறக்காது.

"யார் பொறுப்புன்னு கேக்கத்தான் வந்திருக்கேன். தெரிஞ்சதுக்கப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். சிறைக் கதவுகளோடு வாழ்ந்தவளுக்கு இந்தக் கதவு ஒரு பொருட்டில்லை.

உள்ளே நீளமான கூடத்தில் ஊழியர்கள் திரைகளுக்கு முன்னால் குனிந்திருந்தார்கள். திடீரென்று மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், மார்பில் கை வைத்தார்கள், ஆழமாக மூச்சு இழுத்தார்கள், விட்டார்கள், உட்கார்ந்தார்கள். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்த தட்டச்சுப் பெண்ணிடம் அது என்ன என்று அக்கா கேட்டாள்.

"இதய மணிம்மா. மணிக்கு ஒரு தடவை. மன இறுக்கம் குறையறதுக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூச்சு விட்ட நேரத்தைக் கணக்குப் பண்ணி வேலை முடிஞ்சதும் ஈடுகட்டணும்."

"ஈடுகட்டறப்போ மூச்சு விடலாமா?"

"அது இன்னும் தெளிவாகலம்மா. மேலிடத்துக்குக் கேட்டு அனுப்பியிருக்கோம்."

விசாரணை அறைக்குப் போகிற வழியில் சுவர் முழுவதும் படங்கள் மாட்டியிருந்தன. மேலே 'நம் இதய வீரர்கள்' என்று எழுதியிருந்தது. மேசையில் சாய்ந்தவர், மாடிப்படியில் சரிந்தவர், தொலைபேசியைக் காதில் வைத்தபடியே போய்ச் சேர்ந்தவர். யாருக்கும் ஐம்பது வயது ஆகவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு சட்டம் காலியாக இருந்தது. கண்ணாடியைப் புதிதாகத் துடைத்திருந்தார்கள். அக்காவின் முகம் அதில் தெரிந்தது. அவளுக்கும் தம்பிக்கும் ஒரே சாயல்.

"இது யாருக்கு?" என்றாள்.

"இன்னும் முடிவாகலம்மா" என்றார் உடன் வந்த நல அதிகாரி. "விசாரணையைப் பொறுத்தது."

அதுவரை அக்காவுக்குக் கோபம்தான் இருந்தது. அந்தச் சட்டத்தைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்கு முதுகு இன்னும் நிமிரும்.

அறையில் தலைவர் நடுவில் இருந்தார். வலப்பக்கம் வாரிய மருத்துவர். மூலையில், தம்பிக்கு மேலதிகாரி என்ற முறையில், பம்ப் பிரிவு மேற்பார்வையாளர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பிரிவிலிருந்த ஜெனரேட்டர்களை லிஃப்ட் பிரிவு பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து அவருக்கு வாழ்க்கையில் பிடிப்பில்லை. பேசுவதை எல்லாம் பதிவு செய்ய அந்தத் தட்டச்சுப் பெண் வந்து உட்கார்ந்தாள். விசாரணையில் தலைவர் சொல்லி, அது பதிவாகிவிட்டால், அதுவே வாரியத்தின் ஆணை.

மருத்துவர் தொடங்கினார். "உங்க தகப்பனாருக்கு இதயம் இருந்ததா?"

"இருந்துச்சு."

"இப்போ ஓடுதா?"

"அவர் செத்து வருஷமாச்சு."

"ஆக, நின்னுடுச்சு. தாத்தாவோடது?"

"அவரும் போயிட்டார்."

"அதுவும் நின்னுடுச்சு. அவரோட அப்பாவோடது?" மருத்துவர் விடை வரக் காத்திருக்கவில்லை. தலைவர் பக்கம் திரும்பினார். "ஐயா, தலைமுறை தலைமுறையா இவங்க குடும்பத்துல ஒரு இதயம்கூட மிஞ்சல. இவ்வளவு தெளிவான வம்சக் கோளாறை என் அனுபவத்துல பார்த்ததில்ல."

"உங்க குடும்பத்துல எத்தனை மிஞ்சியிருக்கு டாக்டர்?" என்றாள் அக்கா.

"அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது."

தலைவர் கையை உயர்த்தினார். அறை அடங்கியது. அவர் பேச்சுக்குப் பேர் போனவர்.

"அம்மா, நீங்க பெரியவங்க. இந்த வாரியத்தை நாங்க ஒரு குடும்பமாத்தான் நடத்தறோம். குடும்பத்துல யாராவது மணி பார்ப்பாங்களா? நான் இருபது வருஷமா இந்த நாற்காலியை விட்டு எழுந்ததில்ல. போன வருஷம் என் பொண்ணு கல்யாணம் நடந்துச்சு. போட்டோவுல பார்த்தேன். நல்ல போட்டோ. மாப்பிள்ளை யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இவ்வளவு உழைச்சிருக்கேனே, என் இதயத்துக்கு ஏதாவது ஆச்சா? நம்ம டாக்டர் ரெண்டு தடவை தேடிப் பார்த்தார்."

"ஒண்ணும் கிடைக்கலைங்கய்யா" என்று மருத்துவர் பணிவோடு உறுதிப்படுத்தினார்.

"கேட்டீங்களா? களைப்பு, கவலை, ஏக்கம், அதெல்லாம் இதயத்தைத் தாக்கும்னு சொல்றது கவிஞர்கள் கட்டிவிட்ட கதை. வேலைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? இதயம்னா என்ன? ஒரு பம்ப். அவ்வளவுதான். வெறும் பம்ப்!"

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடி நின்றன. பதிவாகிவிட்டது.

மூலையில் மேற்பார்வையாளர் கண் திறந்தார். செத்துக் கிடந்தவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்ததுபோல எழுந்தார்.

"ஐயா, பம்ப்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். உட்காருங்க."

"பம்ப்னா எங்க பிரிவுங்கய்யா. லிஃப்ட் பிரிவுக்கு இதுல ஒரு துளி பங்கு கிடையாது."

"யோவ், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்யா."

"ஆணையாயிடுச்சுங்களே!" மேற்பார்வையாளரின் குரல் நடுங்கியது, அது மகிழ்ச்சியால் வந்த நடுக்கம். "ஊர்ல எத்தனை இதயம் ஓடுது! ஒண்ணுக்காவது நாம ஓய்வு ஆணை போட்டிருக்கோமா? இத்தனை காலம் எங்க பிரிவு தூங்கிட்டிருந்திருக்கு."

"அது உண்மைதான்" என்றாள் அக்கா. "நான் வந்ததிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா, உங்க தம்பியோட பம்ப், கடைசியா எப்போ நிறுத்தினீங்க?"

"நிறுத்தினா அவன் எங்க சார் இருப்பான்? நிறுத்தவே இல்ல."

"பிறந்ததிலேர்ந்தா?"

"அதுக்கு முந்தியே ஓட ஆரம்பிச்சாச்சு."

மேற்பார்வையாளர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இது அப்பட்டமான விதிமீறல்!"

தலைவர் தட்டச்சுப் பெண்ணைப் பார்த்தார். "நான் சொன்னதை அழிச்சுடும்மா."

"அழிக்க வழியில்லைங்கய்யா. அழிச்சா, தலைவர் தப்பாச் சொல்லிட்டார்னு ஆகும். தலைவர் தப்பாச் சொன்னதா வாரியத்துல இதுவரைக்கும் வழக்கமில்லைங்களே."

தலைவர் யோசித்தார். அதில் அவருக்கே மாற்றுக் கருத்து இல்லை.

மருத்துவர் காப்பாற்ற வந்தார். "பம்ப்தான் ஐயா, ஆனா அதை நிறுத்தி வைக்க முடியாது. அதனால ஓய்வு விதி பொருந்தாது."

"ஏன் பொருந்தாது?" மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்தது. "நிறுத்த முடியாத பம்புக்குன்னே தனி விதி இருக்கே! நிறுத்த முடியாதுன்னா சுமையைக் குறைக்கணும். நாளுக்கு எட்டு மணி நேரம்தான் சுமை ஏத்தலாம். பழுது பார்த்த பம்பா இருந்தா மூணு மாசத்துக்குச் சுமையே கூடாது. சிவப்பு அட்டை மாட்டணும். அட்டையை மீறி ஏத்தினா, ஏத்தினவர் யாரா இருந்தாலும் பதவி காலி. தலைவரா இருந்தாலும்."

தலைவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

அக்காவுக்கு ஒரு பக்கம் உடம்பெல்லாம் எரிந்தது. எந்த வீட்டுப் பிள்ளையை யார் பம்ப் என்பது? ஆனால் இதய டாக்டர் எச்சரித்துச் சொன்னதையே இந்த மனிதர் சட்டமாகச் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. பலவீனமான வம்சம் என்று பேர் எடுப்பதைவிட நிறுத்த முடியாத பம்ப் என்று பேர் எடுப்பது ஒன்றும் குறைவில்லை. அப்பாவுக்கும் அது பொருந்தும்.

"மாட்டுங்க" என்றாள்.

மறுநாளே மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்தார். கையில் நீளமான இரும்புக் கம்பி. ஒரு முனையைப் பம்பின்மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, உள்ளே தேய்மானம் உண்டா என்று கேட்கிற கம்பி அது. தம்பி படுக்கையிலிருந்து எழுந்து நின்றான்.

"வேலைக்குக் கூப்பிட வந்தீங்களா சார்?"

"அசையாதீங்க." கம்பியை அவன் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பின்பக்கம் வைத்துக் கேட்டார். "தேய்மானம் இருக்கு. ஆனா நல்ல பழைய காலத்துத் தயாரிப்பு. இப்பல்லாம் இப்படி வர்றதில்ல."

"அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்" என்றாள் அக்கா.

'சுமை ஏற்றாதே' என்று எழுதிய சிவப்பு அட்டையைத் தம்பியின் கழுத்தில் மாட்டிவிட்டு அவர் போனார். அங்கேதான் அதிசயம் நடந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்காதவன், குளியலறைக்குள் ஒளிந்து ஆபீசுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தவன், அந்த அட்டையைப் பார்த்ததும் அடங்கிப் போனான். வாழ்நாள் முழுவதும் அவன் எழுதிய ஆணை அது. அவன் எழுதியதை எந்தப் பம்பும் மீறியதில்லை.

"அண்ணி, ஒரு சொம்பு தண்ணி எடுத்துட்டு வாங்கன்னா அட்டையைக் காட்டறார்" என்று தம்பி மனைவி முறையிட்டாள்.

"காட்டட்டும் விடு. மூணு மாசம் கழிச்சு எடுத்துட்டு வரட்டும். எடுத்துட்டு வர ஆள் இருப்பான்ல?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சிரித்துவிட்டாள்.

ஆனால் வாரியம் சும்மா இருக்கிற வாரியமா? நல அதிகாரி மீண்டும் வந்தார். இந்த முறை தலையணை இல்லை, புன்னகை இருந்தது.

"நம்ம விதியில இன்னொண்ணும் இருக்கும்மா. ஒரு பம்புக்கு அட்டை மாட்டினா அந்த இடத்துல மாற்றுப் பம்ப் ஓடியாகணும். அதுவும் அதே தயாரிப்பா இருக்கணும். சாருக்கு ஒரே வீட்டுத் தயாரிப்புன்னா நீங்கதான். நாளையிலேர்ந்து அவர் நாற்காலியில நீங்க உட்காரணும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? அட்டையைக் கழட்டிக்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா தலைவர் பெரிய மனசு பண்ணி..."

"காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்றாள் அக்கா.

புன்னகை இறங்கியது. "ஒம்பது மணிக்கு."

ஒன்பது மணிக்கு அக்கா தம்பியின் நாற்காலியில் இருந்தாள். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. பம்ப் எத்தனை நேரம் ஓடியது, எத்தனை நேரம் ஆற வேண்டும் என்று பார்த்து ஆணை எழுத வேண்டும். கைதிகளை எண்ணிச் சரிபார்த்தவளுக்குப் பம்புகளைச் சரிபார்ப்பது பெரிய வித்தையா? பம்ப் எதிர்த்துப் பேசுவதுகூடக் கிடையாது. பாதி நேரம் எங்கே போகிறது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பார்த்தாள். வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தால் வேலை ஏன் நின்றது என்று சொல்வதற்கு இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்துக்குக் கூப்பிட வந்தவனிடம், "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல, செய்ய இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஐந்து மணி ஆயிற்று. அக்கா பேனாவை மூடினாள். குடையை எடுத்தாள். எழுந்தாள்.

கூடத்தில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாருக்கோ உடம்புக்கு வந்துவிட்டது என்று ஒருவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார். அந்த நேரத்தில் எழுந்தவர்களை அவர்கள் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

"என்னம்மா செய்யுது?" என்று தட்டச்சுப் பெண் பதறினாள்.

"ஒண்ணும் செய்யல. வீட்டுக்குப் போறேன்."

செய்தி தலைவருக்குப் போனது. இருபது வருடமாக நாற்காலியை விட்டு எழாதவர் எழுந்து வந்தார். கால் பழக்கமில்லாமல் தடுமாறியது.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

"வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு."

"எல்லாரும் உட்கார்ந்திருக்காங்களே, உங்களுக்குக் கூசலையா? ஒரு ஆர்வம் வேண்டாமா? குடும்பமா நினைக்கிற இடத்துல..."

"குடும்பம் வீட்டுல இருக்குங்க. அதைப் பார்க்கத்தான் போறேன்." அக்கா குரலை உயர்த்தவில்லை. கூடத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. "நான் ஜெயில்ல வேலை பார்த்தவ. தப்புப் பண்ணித் தண்டனை வாங்கினவங்க இருந்த இடம். அவங்ககிட்டகூட சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வேலை வாங்க மாட்டோம். இவங்க என்ன தப்புப் பண்ணினாங்க?"

"ஜெயிலையும் வாரியத்தையும் ஒண்ணா வெச்சுப் பேசாதீங்க!"

"பேசல. ஜெயிலுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

யாரோ அடக்க முடியாமல் சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். தலைவர் சிவந்து போனார்.

"உங்க தம்பியைப் பத்தி யோசிச்சுப் பாருங்க. அவன் பதினாலு மணி நேரம் உட்கார்ந்தவன். மாற்றா வந்தவங்க அதுக்குக் குறையலாமா?"

அக்கா மேற்பார்வையாளரைத் தேடினாள். அவர் கையில் ஒரு கட்டுச் சிவப்பு அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், அசல் பம்புக்கு எட்டு மணி நேரம்னா மாற்றுப் பம்புக்கு அதிகமா ஏத்தலாமா?"

"கூடவே கூடாதும்மா. அசலுக்கு உள்ளதுதான் மாற்றுக்கும்."

"சரி, இங்க உட்கார்ந்திருக்கறவங்க எல்லாரும்? இவங்களோடதெல்லாம் பம்ப் இல்லையா?"

மேற்பார்வையாளர் கூடத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் குனிந்த முதுகுகள். அத்தனையும் தன் பிரிவு. அவர் கண்ணில் நீர் கோத்தது. "ஐயா ஆணைப்படி எல்லாமே பம்ப்தான்மா."

"எத்தனை மணி நேரமா ஓடுது?"

அவர் அட்டைக் கட்டின் நூலை அவிழ்த்தார். தலைவர், "யாராவது எழுந்தீங்கன்னா விளக்கம் கேப்பேன்!" என்று கத்தினார். கத்தலின் பாதியில் மூச்சு வாங்கியது. மருத்துவர் பயந்து போய் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "ஐயா, இருக்குங்கய்யா!" என்று வியந்தார்.

முதலில் தட்டச்சுப் பெண் எழுந்தாள். பைக்குள் டிபன் பாக்ஸைப் போடும்போது அது இரண்டு முறை கீழே விழுந்தது. பிறகு பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு நிறைய நாற்காலிகள். எல்லோரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அக்காவின் நிமிர்ந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

வாசலில் காவலாளி திகைத்தான். "தீ விபத்தா?"

"இல்லப்பா. சாயங்காலம்" என்றாள் அக்கா. "கதவைத் திற."

வெளியே வெயில் இன்னும் இருந்தது. வாரியத்தார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடைபாதையில் நின்றார்கள். கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போனால் என்ன வாங்கிக்கொண்டு போவது என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா குடையை விரித்து நடந்தாள்.

தெருவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் தம்பி ஜன்னலுக்கு ஓடி வந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"என்னக்கா, இந்த நேரத்துக்கு வந்துட்டே? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனாலதான் வந்தேன்."

"தலைவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். நிறையச் சொன்னார். நடந்துக்கிட்டே கேட்டேன்."

அக்காவோடு வந்து தெருமுனையில் பிரிந்து போகிற தட்டச்சுப் பெண்ணைத் தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெளிச்சத்தில் அவளை அவன் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மூணு மாசம் கழிச்சு..." என்று ஆரம்பித்தான். "நானும் அப்படி நடந்துக்கிட்டே கேக்கலாமாக்கா?"

"தாராளமாக் கேளு" என்றாள் அக்கா, குடையை மடக்கிக்கொண்டே. "இதயத்துக்கு நடை ரொம்ப நல்லதாம்."